கோடிங்க விட்டுட்டு பிராடக்ட் மேனேஜர் ஆகலாமா? ரெண்டு பக்கமும் இருந்து பாத்தவனோட ஒப்பீடு

எட்டு வருஷம் டெவலப்பரா இருந்தேன், அதுக்கப்புறம் மூணு வருஷம் பிராடக்ட் மேனேஜர் (சுருக்கமா பிஎம், ஒரு பிராடக்ட்ல எத கட்டணும்ங்கற பொறுப்ப பாக்குற ஆள்), இப்போ ஒன்றரை வருஷமா மறுபடியும் கோட் எழுதுற வேலைல தான் இருக்கேன். இப்படி போயிட்டு திரும்பி வந்தவங்க கம்மிங்கறதால டீம்ல யாருக்காவது பிஎம் ஆகலாமான்னு யோசனை வந்தா நேரா என்கிட்ட வந்துடறாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா பேசும்போது ஏதாவது ஒண்ணு விட்டுப்போகுது, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல ஒண்ணு. நான் மாறின அதே மாசம் என் டீம்ல இருந்து இன்னொருத்தங்களும் பிஎம் ஆனாங்க. என்னை விட ரெண்டு வருஷம் ஜூனியர். அவங்க இன்னைக்கும் பிஎம் தான், இப்போ அவங்களுக்கு கீழ மூணு பிஎம் இருக்காங்க, கோடிங் பக்கம் திரும்புற எண்ணமே இல்ல. ஒரே கம்பெனி, ஒரே மேனேஜர், ஒரே மாதிரி டீம், ஆனா அவங்களுக்கு ஒத்து வந்துச்சு எனக்கு ஒத்து வரல. திறமைல எங்களுக்குள்ள பெரிய வித்தியாசம் இருந்ததா நான் நினைக்கல. வித்தியாசம் வேற எங்கயோ இருந்துச்சு, அது எங்கன்னு புரியவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. நாம செஞ்சது சரியா தப்பான்னு தெரியாமலே எத்தனை நாள் தெம்பா வேலை பாக்க முடியும்ங்கறது தான் அது.

கோட் எழுதுறப்போ பதில் உடனே வந்துடும். டைப் பண்ணி முடிக்கும்போதே எடிட்டர் சிவப்பு கோடு போடும், டெஸ்ட் ஓட்டினா பாஸா ஃபெயிலான்னு நிமிஷத்துல தெரியும், ரிவ்யூல ஒருத்தர் சாயங்காலத்துக்குள்ள தப்ப காட்டிடுவார், மிஞ்சி மிஞ்சி போனா ரிலீஸ் ஆன அன்னைக்கு ராத்திரி தெரியும். எட்டு வருஷம் இதுலயே இருந்துட்டு நமக்கு இது ஒரு பழக்கமாவே ஆயிடுது, ஒரு நாள்ல பத்து தடவை "ஆங், வேலை செய்யுது"ன்னு ஒரு சின்ன சந்தோஷம் வருது, அது வருதுன்னே நாம கவனிக்கிறதில்ல. பிஎம் ஆனதும் அது நின்னு போகுது. ஜனவரில ஒரு முடிவு எடுப்பீங்க, டீம் அத ஏப்ரல்ல ரிலீஸ் பண்ணும், ஜனங்க அத யூஸ் பண்றாங்களான்னு ஜூலைல தான் ஓரளவுக்கு தெரியும், அப்பவும் நம்பர் ஏறினா அது நம்ம ஃபீச்சராலயா, சேல்ஸ் டீம் அந்த மாசம் நல்லா ஓடினதாலயா, இல்ல வருஷா வருஷம் அந்த சீசன்ல ஏறுறது தானான்னு அடிச்சு சொல்ல முடியாது.

எனக்கு நடந்தது ஒண்ணு சொல்றேன். பிஎம்மா ரெண்டாவது வருஷம், மூணு பெரிய கஸ்டமர்கள் டாஷ்போர்ட நாங்களே மாத்தி அமைச்சுக்கற மாதிரி வேணும்னு கேட்டாங்க. மூணு பேருமே பெரிய அக்கவுன்ட், சேல்ஸும் பின்னாடியே நின்னாங்க, நான் சரின்னு சொல்லி நாலு மாசம் டீம அதுல போட்டேன். அதே சமயம் சப்போர்ட் டிக்கெட்ல சின்ன கஸ்டமர்கள் நிறைய பேர் ஃபைல் அப்லோட் பண்ணா எரர் வருது, ஏன்னு புரியலன்னு எழுதிட்டு இருந்தாங்க. அத ஒரு டெவலப்பர் எனக்கு ரெண்டு நாள் கொடுங்கன்னு கேட்டு, ஃபைல்ல எந்த வரில எந்த கட்டம் தப்புன்னு மெசேஜ்லயே காட்டுற மாதிரி மாத்தினார். டாஷ்போர்ட் ரிலீஸ் ஆச்சு, கேட்ட மூணு பேர்ல ஒருத்தர் தான் தொடர்ந்து யூஸ் பண்ணாங்க. எரர் மெசேஜ் மாத்தினதுல அந்த வகை டிக்கெட் கிட்டத்தட்ட நின்னே போச்சு. நாலு மாசம் ஆறு பேரோட உழைப்ப நான் ஒரு தப்பான இடத்துல வச்சிருக்கேன், அத அவங்க யாரும் என்கிட்ட குத்திக்காட்டல, ஆனா எனக்கு தூக்கமே போச்சு. பக் போட்டிருந்தா மறுநாள் ஃபிக்ஸ் பண்ணிருப்பேன். இத ஃபிக்ஸ் பண்ண முடியாது, அந்த நாலு மாசம் போனது போனது தான்.

என்கூட மாறினவங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சு, இன்னும் பெரிசாவே நடந்துச்சு. அவங்க ரெண்டு நாள் வருத்தப்பட்டாங்க, அப்புறம் அந்த கஸ்டமர்கள கூப்பிட்டு ஏன் யூஸ் பண்ணலன்னு கேட்டு நோட்ஸ் எடுத்தாங்க, அடுத்த முடிவுக்கு போயிட்டாங்க. அவங்க சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, "பத்துல ஆறு சரியா வந்தா போதும், அந்த நாலு எதுன்னு சீக்கிரம் கண்டுபிடிக்கிறது தான் என் வேலை". எனக்கு பத்துக்கு பத்து வேணும். அந்த குணம் கோட்ல என்னை நல்ல இன்ஜினியரா வச்சிருக்கு, பிஎம் வேலைல என்னை சாப்பிட்டுடுச்சு.

சரி, இந்த வேலையோட அமைப்பே ஏன் இப்படின்னு பாத்தா அது சாஃப்ட்வேருக்கு முன்னாடியே வந்தது. 1931ல பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனில நீல் மெக்எல்ராய்னு ஒருத்தர், கேமே சோப்போட விளம்பரத்த பாத்துட்டு இருந்தவர், ஒரு மெமோ எழுதினார். ஒவ்வொரு பிராண்டுக்கும் தனியா ஒரு ஆள் வேணும், அது எங்க விக்குது எங்க விக்கலைன்னு நேர்ல போய் ஆராய்ஞ்சு, காரணம் கண்டுபிடிச்சு, திட்டம் போட்டு, அந்த பிராண்டோட முழு பொறுப்பயும் அந்த ஆளே ஏத்துக்கணும்னு. இன்னைக்கு நாம பிஎம்னு சொல்றதுக்கு விதை அது தான்னு பரவலா சொல்லுவாங்க. அந்த ஆள் சோப்பு காய்ச்சலை, கடைலயும் விக்கலை, ஆனா சோப்பு விக்கலைன்னா கேள்வி அவர தான் கேப்பாங்க. தொண்ணூறு வருஷம் கழிச்சும் அது அப்படியே தான் இருக்கு. டெவலப்பர் உங்களுக்கு ரிப்போர்ட் பண்ண மாட்டார், டிசைனரும் பண்ண மாட்டார், சேல்ஸ் கேக்கவே வேணாம், ஆனா ரிசல்ட்டுக்கு பதில் சொல்றது நீங்க. அதிகாரம் கிடைக்கும்னு நினைச்சு பிஎம் ஆகணும்னு வர்றவங்கள பாத்தா எனக்கு நிஜமாவே கவலையா இருக்கு, ஏன்னா டீம் லீடா இருந்தப்போ எனக்கு இருந்த அதிகாரம் கூட பிஎம்மா இருந்தப்போ இல்ல. எல்லாமே பேசி, புரிய வச்சு, நம்பிக்கை சம்பாதிச்சு தான் நடக்கும்.

இன்ஜினியர்ங்க பிஎம் ஆகிறது ஒண்ணும் அபூர்வம் இல்ல. கூகுள்ல 2002ல, அப்போ அங்க வேலை பாத்த மரிஸ்ஸா மேயர் ஆரம்பிச்ச அசோசியேட் பிராடக்ட் மேனேஜர் திட்டத்துல டெக்னிக்கலா பலமான புது பட்டதாரிகளா தேடி எடுத்தாங்க. டெக்னிக்கல் பின்னணி ஒரு பெரிய பலம், அதுல சந்தேகமே இல்ல. டேட்டா வேணும்னா யார்கிட்டயும் கேட்டு காத்திருக்க வேணாம், நாமளே எஸ்க்யூஎல்ல (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்குற மொழி) எழுதி எடுத்துக்கலாம். டெவலப்பர் இந்த பழைய மாட்யூல தொடணும்னா மூணு வாரம் ஆகும்னு சொன்னா அது சாக்கா நிஜமான்னு நமக்கு தெரியும். டெக் டெட்ட, அதாவது அவசரத்துல குறுக்கு வழில எழுதி வச்ச கோட சரி பண்ற வேலைய, ரோட்மேப்ல (வரப்போற மாசங்களுக்கான வேலைத் திட்டம்) வைக்கணும்னு மேல இருக்கவங்ககிட்ட அவங்க பாஷைல வாதாட நம்மளால முடியும், நான் பிஎம்மா பண்ணதுல உருப்படியானதுன்னு நினைக்கிறதே அது தான்.

ஆனா அதே பின்னணி காலையும் வாரும். எஸ்டிமேட் மீட்டிங்ல "இது ரெண்டு நாள் வேலை தானே"ன்னு நான் ஒரு தடவை சொல்லிட்டேன். சொன்ன உடனே ரூம்ல எல்லாரும் அமைதி ஆயிட்டாங்க. அந்த கோட நான் தொட்டு ஒரு வருஷம் ஆச்சு, நடுவுல என்னென்ன மாறிருக்குன்னு எனக்கு தெரியாது, இருந்தும் சொன்னேன், அந்த நம்பிக்கைய திருப்பி சம்பாதிக்க மாசக்கணக்குல ஆச்சு. இன்னொண்ணு, கஸ்டமர் பிரச்சனைய சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடியே மண்டைல டேபிள் ஸ்கீமா (டேட்டாவ எப்படி அடுக்கி வைக்கறதுங்கற அமைப்பு) ஓட ஆரம்பிச்சிடும். தீர்வு முதல்ல வந்துட்டா அப்புறம் காது கேக்காது. ஸ்பெக்ல (டெவலப்பர்களுக்கு பிஎம் எழுதிக் கொடுக்குற விவரக் குறிப்பு) என்ன வேணும்னு எழுதுறதுக்கு பதிலா எப்படி பண்ணணும்னு எழுதிடுவோம், டெவலப்பர்களுக்கு யோசிக்க இடமே இல்லாம போயிடும், நல்ல டெவலப்பர்கள் அதுல ரொம்ப சீக்கிரம் சோர்ந்துடுவாங்க.

ஒரு நாள் எப்படி போகும்ங்கறதும் பெரிய விஷயம். கோட் எழுத குறைஞ்சது ரெண்டு மூணு மணி நேரம் யாரும் கூப்பிடாம இருக்கணும், நடுவுல ஒரு மீட்டிங் வந்தா அந்த அரை நாளே போச்சுன்னு சொல்லுவோம். பிஎம்மோட காலண்டர் அரை மணி அரை மணியா வெட்டி வச்சிருக்கும். ஒம்பதரைக்கு ஸ்டாண்டப்ங்கற தினசரி டீம் மீட்டிங், பத்துக்கு டிசைன் ரிவ்யூ, பத்தரைக்கு ஒரு கஸ்டமர் கால், பதினொண்ணுக்கு சப்போர்ட் டீமோட, அதுக்கு நடுவுல சாட்ல பதினஞ்சு பேர் பதினஞ்சு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் மண்டைய வேற இடத்துக்கு மாத்தணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தான் உக்காந்து எழுதவே ஆரம்பிப்பேன். ஆமா, எழுதுறது. இத யாருமே முன்னாடி சொல்ல மாட்டாங்க, பிஎம் வேலைல பாதி எழுத்து வேலை. ஸ்பெக், முடிவு ஏன் எடுத்தோம்ங்கற குறிப்பு, வேணாம்னு சொல்ற மெயில், மேல அனுப்புற அப்டேட். அமேசான்ல ஒரு பிராடக்ட கட்டுறதுக்கு முன்னாடியே அது ரிலீஸ் ஆன மாதிரி பத்திரிகை அறிக்கையும், கஸ்டமர் கேக்கப்போற கேள்வி பதிலும் எழுதி, அத வச்சு தான் கட்டலாமா வேணாமான்னு பேசுவாங்க. தெளிவா எழுத வரலைன்னா இந்த வேலைல ரொம்ப கஷ்டம், எழுதப் பிடிச்சவங்களுக்கு இது ஒரு வரம்.

வேணாம்னு சொல்றத பத்தியும் சொல்லணும். ரைஸ்னு ஒரு கணக்கு இருக்கு, இன்டர்காம்ங்கற சாஃப்ட்வேர் கம்பெனில இருந்து வந்தது. எத்தனை பேர போய் சேரும், எவ்வளவு பலன், நமக்கு எவ்வளவு உறுதி, இந்த மூணையும் பெருக்கி எவ்வளவு உழைப்புங்கறதால வகுத்தா ஒவ்வொரு ஐடியாவுக்கும் ஒரு மார்க் வரும். இன்ஜினியரா இருந்துட்டு வந்ததால இத பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஸ்ப்ரெட்ஷீட் போட்டு எல்லாத்தயும் வரிசைப்படுத்தினேன். ஆனா அந்த உறுதிங்கற நம்பர நான் தான் போடுறேன், அது யூகம், அத கொஞ்சம் கூட்டினா குறைச்சா வரிசையே மாறிடும். அந்த ஷீட்ட காட்டினா வாக்குவாதம் முடியாது, ஒழுங்கா ஆரம்பிக்க உதவும், அவ்வளவு தான். கடைசில ஒரு மனுஷர் முகத்த பாத்து, நீங்க கேட்டது நல்ல ஐடியா தான், ஆனா இந்த ஆறு மாசம் பண்ண மாட்டோம், காரணம் இதுன்னு சொல்லணும். மறுநாள் அதே ஆள்கிட்ட ஒரு உதவி கேட்டு போகவும் வேணும். இது எனக்கு வரவே வராதுன்னு நினைச்சேன், ஆனா வந்துச்சு, பிஎம் வேலை எனக்கு கொடுத்ததுல இத நான் பெருசா மதிக்கிறேன்.

சம்பளம் பத்தி எல்லாரும் கேக்குறாங்க. ஒரே லெவல்ல ரெண்டு பேருக்கும் பெருசா வித்தியாசம் இருக்காத கம்பெனிகள் நிறைய இருக்கு, அதனால சம்பளத்துக்காக மாறாதீங்க. கணக்கு பாக்க வேண்டியது வேற. மாறும்போது ஒரு லெவல் கீழ இறங்க வேண்டி வரலாம், எட்டு வருஷ அனுபவம் முழுசா கூட வராது. அப்புறம் சீட்டு எண்ணிக்கை. அஞ்சுல இருந்து பத்து டெவலப்பர் இருக்க டீமுக்கு ஒரு பிஎம் தான் இருப்பாங்க, அதனால வேலை மாறணும்னா கதவுகள் கம்மி, ஒவ்வொரு கதவுக்கும் கூட்டம் ஜாஸ்தி. இன்ஜினியரிங்ல சீனியர், ஸ்டாஃப், பிரின்சிபல்னு ஆள் மேய்க்காமலே மேல போற வழி நிறைய இடத்துல இருக்கு, பிஎம் பக்கம் ஒரு கட்டத்துக்கு மேல போகணும்னா பெரும்பாலும் மத்த பிஎம்கள மேனேஜ் பண்ணி தான் ஆகணும்.

இத விட முக்கியமா எனக்கு படுறது, பிஎம்ங்கற பேர் எல்லா இடத்துலயும் ஒரே வேலைய குறிக்கிறதில்ல. டெவலப்பர் வேலை எங்க போனாலும் ஓரளவுக்கு ஒண்ணு தான். பிஎம் அப்படி இல்ல. ஒரு இடத்துல நீங்க தான் எத கட்டணும்னு முடிவு பண்ணுவீங்க, இன்னொரு இடத்துல மேல யாரோ முடிவு பண்ணத சின்னச் சின்ன வேலையா, டிக்கெட்டா உடைச்சு போட்டு ஸ்பிரிண்ட் (சில வாரத்துக்கு ஒரு தடவைன்னு வர்ற வேலைச் சுற்று) ஓட்டணும், ரெண்டுக்கும் கார்டுல ஒரே பேர் தான். 2023ல ஃபிக்மாங்கற டிசைன் சாஃப்ட்வேர் கம்பெனியோட கான்ஃபிக் மாநாட்டுல ஏர்பிஎன்பி சிஇஓ பிரையன் செஸ்கி, பழைய மாதிரியான பிராடக்ட் மேனேஜ்மென்ட் எங்ககிட்ட இப்போ இல்லைங்கற மாதிரி சொன்னப்போ இனி பிஎம்மே வேணாமான்னு பெரிய பேச்சு ஆயிடுச்சு. அவர் சொன்னதோட முழு அர்த்தம், அந்த வேலைய பிராடக்ட் மார்க்கெட்டிங்கோட சேத்துட்டோம்ங்கறது. வேலை ஒழியல, எல்லை மாறுச்சு. இந்த எல்லை நீங்க சேரப்போற இடத்துல எங்க இருக்குன்னு சேர்றதுக்கு முன்னாடி கேக்கணும். கடைசியா நீங்க வேணாம்னு சொன்ன ஃபீச்சர் எது, அத யார் முடிவு பண்ணாங்கன்னு அங்க இருக்க ஒரு பிஎம்கிட்ட கேளுங்க. பதில் சொல்ல திணறினாங்கன்னா அங்க பிஎம் முடிவு எடுக்கறதில்லைன்னு புரிஞ்சுக்கலாம்.

ஏஐ வந்ததால கோடிங் முடிஞ்சுது, பிஎம் தான் சேஃப்னு ஒரு பேச்சும் ஓடுது. இத வச்சு முடிவு எடுக்காதீங்க. கோட் டிராஃப்ட் எழுதுற அதே டூல் ஸ்பெக் டிராஃப்ட்டும் எழுதுது.

இப்போ, ஏன் மாறணும்னு தோணுதுங்கறத தோண்டிப் பாருங்க, இங்க தான் நான் தப்பு பண்ணேன். நான் மாறின வருஷம் ஆன்கால் (சிஸ்டம் உடைஞ்சா எந்நேரமும் போன் எடுத்து சரி பண்ற முறை வேலை) கொடுமை உச்சத்துல இருந்துச்சு, வாரத்துல மூணு ராத்திரி போன் அடிக்கும், வீட்டுல சின்ன குழந்தை. கோடிங்கே அலுத்துப் போச்சுன்னு நான் முடிவு பண்ணிட்டேன், அலுத்தது ஆன்கால் தான்னு அப்போ எனக்கு தெரியல. வேற டீம் மாறிருந்தாலே சரியாயிருக்கும். என்கூட மாறினவங்க கதை வேற, அவங்க டெவலப்பரா இருந்தப்பவே யாரும் சொல்லாம சப்போர்ட் டிக்கெட் படிப்பாங்க, கஸ்டமர் கால்ல ஓரமா உக்காந்துப்பாங்க, டிக்கெட்ட கைல எடுக்கும்போதே இத ஏன் கட்டுறோம்னு கேட்டு பிஎம்ம துளைச்சு எடுப்பாங்க. பேர் மாறுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அவங்க அந்த வேலைய ஆரம்பிச்சிட்டாங்க.

அதனால என் யோசனை, பேர மாத்தாம வேலைய மட்டும் ஒரு மூணு மாசம் பண்ணிப் பாருங்க. வாரத்துல அரை நாள் சப்போர்ட் டிக்கெட் படிங்க. அஞ்சு கஸ்டமர்கிட்ட பேசுங்க, பேசும்போது இந்த ஃபீச்சர் வேணுமான்னு கேக்காதீங்க, எல்லாரும் மரியாதைக்கு ஆமான்னு தான் சொல்லுவாங்க, கடைசியா இந்த வேலைய எப்போ பண்ணீங்க, எப்படி பண்ணீங்க, எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு கேளுங்க. உங்க பிஎம்கிட்ட கேட்டு ஒரு சின்ன ஃபீச்சருக்கு நீங்களே ஸ்பெக் எழுதுங்க, கோட் மட்டும் வேற ஒருத்தர் எழுதட்டும், இது ரொம்ப முக்கியம். உங்க மனசுல இருந்தத விட வேற மாதிரி அவர் கட்டிட்டு வரும்போது உங்களுக்கு எப்படி இருக்குன்னு பாருங்க. கை துறுதுறுன்னு வந்து நாமளே எழுதியிருக்கலாமேன்னு தோணுதா, இல்ல அட இப்படி கூட பண்ணலாமான்னு சந்தோஷமா இருக்கா. எனக்கு மூணு வருஷமும் கை துறுதுறுன்னு தான் இருந்துச்சு, ராத்திரி திருட்டுத்தனமா புல் ரிக்வெஸ்ட் (டெவலப்பர்கள் ரிவ்யூக்கு அனுப்புற கோட் மாற்றங்கள்) படிப்பேன்.

முழுசா தாண்டாம நடுவுல நிக்கவும் இடம் இருக்கு. பிளாட்ஃபார்ம் பிஎம், ஏபிஐ பிஎம் மாதிரி, மத்த சாஃப்ட்வேர் மேல கட்டிக்கற அடித்தளத்த பாக்குற வேலைல கஸ்டமரே டெவலப்பர்கள் தான், டெக்னிக்கல் ஆழம் தினமும் வேணும், கோட விட்டு ரொம்ப தூரம் போக பயப்படுறவங்களுக்கு நல்ல இடம். சின்ன கம்பெனில இன்ஜினியரா சேந்தா பிஎம்மே இருக்க மாட்டாங்க, கஸ்டமர்கிட்ட பேசி நீங்களே முடிவு பண்ணி நீங்களே கட்டலாம். என்கிட்ட வர்றவங்கள்ல சில பேரோட பேசினா அவங்களுக்கு நிஜமா பிடிச்சது ஜூனியர்கள வளக்குறது தான்னு தெரியும், அவங்க இன்ஜினியரிங் மேனேஜர் ஆகலாம், பிஎம் ஆனா அந்த ஆசை நிறைவேறாது. நான் இப்போ இருக்கிறது சீனியர் இன்ஜினியரா, ஆனா கஸ்டமர் கால்ல உக்காருவேன், ஸ்பெக் வர்றதுக்கு முன்னாடியே பிஎம்மோட பேசுவேன். எனக்கு இந்த அளவு சரியா இருக்கு.

திரும்பி வர்றது எப்படி இருந்துச்சுன்னும் சொல்லணும். முடியும், ஆனா சும்மா இல்ல. பிரச்சனைய பிரிச்சுப் பாக்கிறது, டீபக் பண்றது, சிஸ்டம் எங்க உடையும்னு மோப்பம் பிடிக்கிறது எல்லாம் போகல. கை வேகம் போச்சு, பில்ட் டூல்ல இருந்து ஃப்ரேம்வொர்க் வரைக்கும் எல்லாம் நகந்து போயிருந்துச்சு, பழைய நிலைக்கு வர ஆறு மாசம் ஆச்சு. அத விட கஷ்டம் இன்டர்வியூ, மூணு வருஷம் கோட் எழுதலையே ஏன் திரும்புறீங்கன்னு ஒவ்வொருத்தரும் கேட்டாங்க, ரெண்டு இடத்துல அதுக்காகவே வேணாம்னு சொல்லிட்டாங்க. முதல் வருஷத்துக்குள்ளயே திரும்பியிருந்தா இவ்வளவு பாடு இருந்திருக்காது, ஆனா தோத்துட்டு வந்த மாதிரி இருக்குமேன்னு நான் இழுத்துட்டே போனேன்.

அதனால மாறுறதா முடிவு பண்ணீங்கன்னா முடிஞ்ச வரைக்கும் இப்போ இருக்க கம்பெனிக்குள்ளயே மாறுங்க. கஸ்டமர், கோட், ஆளுங்க எல்லாம் தெரிஞ்ச இடத்துல புது வேலைய மட்டும் கத்துக்கிட்டா போதும். மாறுறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட பேசி, ஆறு மாசம் ஆனதும் உக்காந்து பேசுவோம், ஒத்து வரலைன்னா அதே லெவல்ல இன்ஜினியரிங்குக்கு திரும்பலாம்ங்கறத மெயில்ல ஒரு வரி வாங்கி வச்சுக்கோங்க. வாய் வார்த்தை போதும்னு விடாதீங்க, ஆறு மாசத்துல அந்த மேனேஜரே வேற டீமுக்கு போயிருக்கலாம்.